பூமி பூஜைக்கு நாள் குறிக்கும் முன்

போன வாரம் திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு ஜன்னலின் மேல்மட்டத்தோடு நின்றுபோன வீடு. பதினான்கு மாதமாக வேலை இல்லை. காலம் (தூண்) கம்பிகள் துருவேறிச் செதில் உதிர்கின்றன, ஹால் நடுவே ஆமணக்கு வளர்ந்திருக்கிறது. "நகையெல்லாம் அடகுல இருக்கு சார், ரூஃப் மட்டும் போட்டுட்டா குடி வந்துருவோம்" என்றார் அந்த வீட்டம்மா. இந்த வருடம் இப்படி நான் பார்க்கும் நான்காவது வீடு. மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன்.

நாலு வீட்டிலும் போட்ட கணக்கு ஒன்றுதான். 1,000 சதுர அடி, அடிக்கு 2,200 ரூபாய், ஆக 22 லட்சம். கையில் 6, லோன் 16. வீடு கட்டலாம்!

தயவுசெய்து கேளுங்கள். சதுர அடி ரேட்டில் கட்டடம் மட்டும்தான் வரும். போர்வெல், மோட்டார், சம்ப் (தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், பிளான் அப்ரூவல் கட்டணம், வேலைக்கான தற்காலிக ஈ.பி. இணைப்பு, கிச்சன் கபோர்டு எல்லாம் பெரும்பாலும் அந்த ரேட்டுக்கு வெளியே. கான்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டார் என்று பிறகு சண்டை போடுகிறீர்கள். அக்ரிமென்டில் என்னென்ன அடக்கம் என்று நீங்கள் கேட்கவே இல்லையே?

திருமங்கலம் வீட்டில் மனையைவிட ரோடு மூன்றடி உயரம். கிராவல் அடித்து நிரப்ப ஒன்றேகால் லட்சம். கரிசல் மண், அஸ்திவாரம் ஆழம் போனதில் இரண்டு லட்சம் கூடுதல். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மண் பரிசோதனை செய்யாமலே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருக்கிறார்கள். போர், சம்ப், சுவர் என்று இன்னொரு ஐந்து லட்சம். 22 லட்சக் கணக்கில் எட்டேகால் லட்சம் விடுபட்டால் வேலை லிண்டலில்தான் வந்து நிற்கும்.

அடுத்தது, "லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, பணம் ரெடி" என்ற நினைப்பு. சாங்ஷன் லெட்டர் பணமாகாது. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாகத்தான் பேங்க் விடுவிக்கும், அதுவும் முதலில் உங்கள் பங்கை இறக்கச் சொல்லும். 30 லட்சம் வரையிலான கடனுக்கு சொத்து மதிப்பில் 90 சதவீதம்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் 75 லட்சம் வரை 80. உங்கள் சம்பளத்தைப் பார்த்து அதையும் குறைப்பார்கள். வேலை நடக்கும் வருடம் முழுக்க வாடகையும் வட்டியும் சேர்ந்தே போகும். ஆறு மாதம் அந்த இரண்டு தொகையையும் கட்டிப் பழகிப் பாருங்கள், வட்டிக்கான பங்கை சேமிப்பில் போட்டு. மூச்சு முட்டினால் இன்னும் நேரம் வரவில்லை. லோன் கூட வரட்டும் என்று எஸ்டிமேட்டை ஏற்றிப் போடச் சொல்லி என்னிடம் வராதீர்கள், போட மாட்டேன்.

பேப்பர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். புல வரைபடத்தை வைத்து சர்வேயரை அளக்கச் சொல்லுங்கள், பக்கத்து மனைக்காரர் எதிரிலேயே. அப்ரூவல் இழுக்கும் என்று சாக்கு வேண்டாம். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ ஒரு மாடியோ என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுப்பது) ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது.

பிளானை வீட்டில் எல்லாரும் பார்த்து முடித்துவிடுங்கள். காலி மனையில் சுண்ணாம்பால் அறைகளைக் கோடு போட்டு, அடுப்படியில் நிற்கப்போகிறவரை அதில் நிற்க வையுங்கள். காலம் எழுந்த பிறகு "இந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளலாமா" என்றால் என்னால் ஆகாது.

எஸ்டிமேட் முழுசாக, கட்டடத்துக்கு வெளியே உள்ளதும் சேர்த்து, எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் பத்து சதவீதமாவது கையில் தனியே இருக்கட்டும். நகையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த அம்மாவிடம், முதலில் துருவைச் சுரண்டி கம்பியின் கனத்தை அளக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ரூஃப் பேச்சு என்றேன். பூச்சு, வயரிங், கதவு, ஒரு பாத்ரூம் வரை மிச்ச வேலைக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தொகை முழுசாகச் சேரும்வரை ஒரு மூட்டை சிமெண்ட்கூட இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.