உங்கள் எக்செல் கோப்பும் ஒரு மென்பொருள்தான்

“எனக்கு நிரல் எழுதவெல்லாம் தெரியாது, சார். எங்கள் வேலைக்காக ஏதோ ஒரு எக்செல் போட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.”

ஒரு மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் என்னிடம் சொன்னது இது. அவர் திறந்து காட்டிய கோப்பில் எழுபது செவிலியர்களின் மாதப் பணிப்பட்டியல் இருந்தது. இரவுப் பணி முடித்தவருக்கு மறுநாள் காலைப் பணி விழுந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுபவசாலி ஒருவராவது இல்லாத வேளை வந்தால் தாளின் உச்சியில் எச்சரிக்கை தோன்றியது. ஒருவருக்கே அடுத்தடுத்து ஞாயிற்றுக்கிழமைகள் வந்துவிடாதபடி இன்னொரு கணக்கு பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருள் எழுதுவதும் பிறர் எழுதியதைச் சோதிப்பதும்தான் என் தொழில். அந்தப் பணிப்பட்டியலை நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் என்னால் எழுதியிருக்க முடியாது. இரவுப் பணி முடிந்த உடம்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

நிபந்தனை வைத்து, உள்ளே வரும் தகவலைச் சோதித்து, ஒரு முடிவை வெளியே தருவது எதுவோ அதுவே நிரல். அதை எந்தக் கருவியில் எழுதினோம் என்பது பொருட்டல்ல. அந்தச் செவிலியர் மூன்று ஆண்டுகளாக ஒரு மென்பொருளை எழுதிப் பராமரித்து வந்திருக்கிறார். அது மென்பொருள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரியாததால் அவருக்கு ஒரு நன்மை விளைந்தது, ஒரு கேடும் விளைந்தது. இரண்டையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நன்மை, அவர் அஞ்சவில்லை என்பது. இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1978இல் பெர்னார்ட் கிரீன்பெர்க் என்ற பொறியாளர், மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்காக ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியின் ஒரு வடிவத்தை எழுதினார். பயன்படுத்துபவரே அதில் புதிய கட்டளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய அலுவலகச் செயலர்களுக்குக் கொடுத்த கையேட்டில், கட்டளைகளைச் சேர்க்கும் முறை விளக்கப்பட்டிருந்தது. அதற்குப் பெயர் நிரலாக்கம் என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை. ‘நிரலாக்கம் நமக்கு வராது’ என்று நம்பியிருந்த அந்தச் செயலர்கள் லிஸ்ப் மொழியில் நிரல் எழுதத் தொடங்கினார்கள். ஈமாக்ஸை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஸ்டால்மன் பிற்காலத்தில் ஓர் உரையில் நினைவுகூர்ந்த செய்தி இது. எட்டாத உயரத்தில் இருந்தது அந்த வேலை அல்ல, அதன் பெயர்தான்.

அடுத்த ஆண்டே, 1979இல், விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்தது. வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்து, அந்த வேலையைக் கணினி செய்தால் என்ன என்று யோசித்தார். பாப் ஃபிராங்ஸ்டன் அதை நிரலாக எழுதினார். கணக்காளர்கள் நிரலாளர்களுக்காகக் காத்திருந்த காலம் அன்றோடு போயிற்று. இன்று நாம் திறக்கும் ஒவ்வொரு விரிதாளும் அந்த வழியில் வந்ததுதான்.

இனி கேடு. தான் செய்தது மென்பொருள் என்று தெரியாதவர், மென்பொருளுக்குச் செய்ய வேண்டிய காவலைச் செய்வதில்லை. என்னிடம் வரும் சிக்கல்களில் ஆகப் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்திலிருந்தே முளைக்கின்றன. சூத்திரம் எழுதத் தெரியாததால் வரும் சிக்கல் மிகக் குறைவு.

அந்தச் செவிலியருக்கு அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரம் விடுப்பில் இருந்தார். பொறுப்பேற்றவர், ஒரு கட்டத்தில் வந்த எண் தவறாகத் தோன்றியதால் அதன்மேல் வேறொரு எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டார். அங்கே இருந்த சூத்திரம் போய்விட்டது. பார்வைக்கு எந்த வேறுபாடும் இல்லை. எண் இருந்த இடத்தில் எண் இருந்தது. அதன்பின் அந்த நெடுவரிசை எதையும் கணக்கிடவில்லை, சிவப்பும் வரவில்லை. இரண்டு பேர் இரவுப் பணி முடிந்த கையோடு காலைப் பணியும் பார்த்தார்கள். ஒருவர் மருந்தின் அளவை எடுத்துக்கொடுக்கும்போது தடுமாறி, தாமே கவனித்து நிறுத்திக்கொண்டார். யாருக்கும் தீங்கு நேரவில்லை. அதன் பிறகுதான் என்னை அழைத்தார்கள்.

மென்பொருள் நின்றுபோனால் எல்லாரும் கவனிப்பார்கள். நிற்காமல் தவறான விடை தந்துகொண்டே இருப்பதுதான் ஆபத்து. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் விடுபட்டன. ஆய்வகங்களிலிருந்து வந்த முடிவுகள் பழைய வகை எக்செல் கோப்பு ஒன்றில் கொட்டப்பட்டன. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. 2007இல் வந்த புதிய வகையில் 10,48,576 வரிசைகள் வரை கொள்ளும். ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால் இடம் விரைவில் தீர்ந்தது. அதற்குமேல் வந்தவை உதிர்ந்துபோயின. தொற்று உறுதியானவர்களுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி நாள்கணக்கில் தள்ளிப்போயிற்று. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு எக்செல்லைத் திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே எத்தனை வரிசை போயிற்று, வெளியே எத்தனை வரிசை வந்தது என்று ஒப்பிடும் ஒரே ஒரு கட்டம் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆகவே நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: கோப்பு தன்னைத் தானே சரிபார்க்கும்படி செய்யுங்கள். பணிப்பட்டியலில் எழுபது பேர் என்றால், கடைசி வரிசைக்குக் கீழே ஆட்களை எண்ணிப் பார்த்து, எழுபது வராவிட்டால் கத்தட்டும். கிடைமட்டமாகக் கூட்டியதும் செங்குத்தாகக் கூட்டியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். பேரேடு எழுதிய பழைய கணக்கர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் இது. கணினி வந்ததும் ஏன் விட்டோம் என்று தெரியவில்லை.

எக்செல் கேட்காமலே செய்யும் சில உதவிகளையும் அறிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கும் அடையாள எண்ணை இட்டால் முன்னிருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணில் மிச்ச இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். தேதி போலத் தோன்றுவதைத் தேதியாக்கிவிடும். இந்தக் கடைசிப் பழக்கத்தால் ஓர் அறிவியல் துறையே தன் சொற்களை மாற்றிக்கொண்டது: ‘செப்ட்1’, ‘மார்ச்1’ என்ற சுருக்கப் பெயருடைய மரபணுக்கள் செப்டம்பர் 1, மார்ச் 1 என்ற தேதிகளாக மாறிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு அவற்றின் பெயர்களையே மாற்றி 2020இல் புதிய விதிகளையும் வெளியிட்டது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி எக்செல்லில் 2023இல்தான் வந்தது. கூட்டிக் கழிக்கப் போகாத எந்த எண்ணையும், அடையாள எண், தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு எதுவானாலும், இடும் முன்பே அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று அமைத்துவிடுங்கள். இட்ட பிறகு அமைத்தால் இழந்த இலக்கம் திரும்பாது.

மறைத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுவரிசையையோ ஒரு முழுத் தாளையோ மறைத்துவிட்டால் பாதுகாத்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். மறைத்தது கண்ணுக்குத் தெரியாது. கோப்புக்குள் அப்படியே இருக்கும். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கேட்டு வந்த ஒரு விண்ணப்பத்துக்குப் பதிலாக ஒரு விரிதாளை வெளியிட்டது. அதற்குள் மறைந்திருந்த தாளில் 9,400க்கும் மேற்பட்ட காவலர்கள், பணியாளர்கள் அனைவரின் குடும்பப் பெயரும் பதவியும் பணியிடமும் இருந்தன. தாக்குதலுக்கு அஞ்சி, காவலர் என்று அண்டை வீட்டாருக்கே சொல்லாமல் வாழ்பவர்கள் உள்ள இடம் அது. மறுஆண்டு அந்தக் காவல்துறைக்கு ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. வெளியே அனுப்ப வேண்டுமானால் தேவையானதை மட்டும் புதிய கோப்பில், சூத்திரம் இல்லாமல் வெறும் மதிப்புகளாக ஒட்டி அனுப்புங்கள். மூலக் கோப்பை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

இதெல்லாம் விரிதாளின் கதை. கடந்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் வேண்டியதைப் பேச்சு வழக்கில் சொன்னால் முழுச் செயலியையே எழுதித் தருகிறது. வந்த நிரலைப் படிக்காமலே ஏற்றுக்கொண்டு போகும் முறைக்கு, செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி 2025 பிப்ரவரியில் ‘வைப் கோடிங்’ என்று பெயர் வைத்தார். இது நல்ல காலம் என்றே நினைக்கிறேன். ஐந்து பேர் மட்டுமே பயன்படுத்தப்போகும் ஒரு கருவியை எந்த நிறுவனமும் செய்து விற்காது. இப்போது அந்த ஐந்து பேரே செய்துகொள்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. செவிலியரின் கோப்பில் இருந்த ஒவ்வொரு சூத்திரமும் அவருடைய தலைக்குள்ளும் இருந்தது. செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரல் யாருடைய தலைக்குள்ளும் இல்லை.

படிக்க முடியாத நிரலை நம்புவதற்கு ஒரே வழி, விடை தெரிந்த கேள்விகளை அதனிடம் கேட்பதுதான். சென்ற மாதக் கணக்கு கையால் போட்டு முடித்தது உங்களிடம் இருக்கும். அதைப் புதிய செயலிக்குள் கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பாருங்கள். பிறகு தொல்லை கொடுங்கள்: வெற்றுக் கட்டம், பூஜ்யம், ஒரே பெயரில் இருவர், பிப்ரவரி 29, நள்ளிரவைத் தாண்டும் பணி நேரம். நான் சோதித்த பல செயலிகள் இந்தக் கடைசி ஒன்றில்தான் விழுந்தன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை செய்த வேலைக்கு மைனஸ் பதினாறு மணி நேரம் என்று கணக்கு வந்தது. சோதனைக்கு உண்மையான நோயாளிகளின், மாணவர்களின், வாடிக்கையாளர்களின் தகவலைக் கொடுக்காதீர்கள். கற்பனைப் பெயர்களே போதும். செயலியை இணையத்தில் ஏற்றப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டியே ஆக வேண்டும். கடவுச்சொற்களும், பிற சேவைகளுக்குள் நுழைய உதவும் அணுகு சாவிகளும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டு, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே கிடப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு கண் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் பெரிய இடத்துச் சான்று இருக்கிறது. அரசுக் கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வை உலகெங்கும் அரசியலர்கள் மேற்கோள் காட்டினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் அந்த விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவர் கண்ட குறைகளில் ஒன்று, சராசரிச் சூத்திரத்தின் எல்லை ஐந்து நாடுகளுக்கு முன்பே நின்றுபோயிருந்தது. பேராசிரியர்களுக்கே நேர்ந்தது நமக்கு நேர்ந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. காட்டாமல் வைத்திருப்பதுதான் பிழை.

என் தொழிலில் இருப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கோப்புகளைக் கண்டால் ‘குப்பை, தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக எழுதலாம்’ என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படித் தூக்கியெறிந்து எழுதிய மென்பொருளை ஊழியர்கள் ஆறே மாதத்தில் கைவிட்டு, பழைய கோப்புக்கே திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பில் வேலையின் அத்தனை விதிவிலக்குகளும் பதிந்திருக்கின்றன. எத்தனை கூட்டம் போட்டுக் கேட்டாலும் நமக்குக் கிடைக்காத தகவல் அது. ஒரே நேரத்தில் பலர் திருத்த வேண்டியிருந்தாலோ, தவறினால் ஒருவரின் உடலோ ஊதியமோ பாதிக்கப்படும் என்றாலோ, அந்தக் கோப்பு முறையான மென்பொருளாக மாறத்தான் வேண்டும். அப்போதும் அதை எழுதியவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டே மாற்ற வேண்டும்.

செவிலியரின் கோப்பில் நாங்கள் செய்தது ஒரு பிற்பகல் வேலைதான். தட்டச்சு செய்ய வேண்டிய கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, மற்றவற்றைப் பூட்டினோம். ‘48’ என்று சூத்திரத்துக்குள் புதைந்திருந்த எண்ணை வெளியே எடுத்து ‘வார வேலை நேர வரம்பு’ என்று பெயரிட்டு ஒரு தாளில் வைத்தோம். ஒவ்வொரு மாதமும் தேதியிட்ட ஒரு பிரதி வேறிடத்தில் சேமிக்கப்பட ஏற்பாடு செய்தோம். முதல் தாளில் இந்தக் கோப்பு எதற்கு, யார் எழுதியது, எதைத் தொடக் கூடாது, சிவப்பு வந்தால் என்ன பொருள் என்று அரைப் பக்கம் அவரே எழுதினார். எழுதியவர் பெயர் என்ற இடத்தில் மட்டும் சிறிது தயங்கினார். பிறகு தன் பெயரை எழுதி, கீழே, தான் விடுப்பில் இருக்கும்போது கேட்க வேண்டியவர் என்று இளைய செவிலியர் ஒருவரின் பெயரையும் சேர்த்தார். மறுவாரத்திலிருந்து தினமும் அரை மணி நேரம் அந்தப் பெண்ணுக்குச் சூத்திரங்களைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.