எடைக்குப் போடும் முன்னால் ஒரு பென் டிரைவ் போதும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதிலிருந்து ஈரோட்டில் எங்கள் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “ஏனுங்க, இது இனி ஓடாதாமா? எடைக்குப் போட்டரலாமுங்களா?”

போன வாரம் வந்த சென்னிமலைக்காரர் அதைக்கூடக் கேட்கவில்லை. போட்டுவிட்டுத்தான் வந்தார். நாலாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், நல்ல மெஷின். ஹார்டு டிஸ்க்கைக்கூடக் கழற்றாமல் தூக்கிக் கொடுத்திருக்கிறார். “அதுல என்ற பொண்ணு தெரட்டி போட்டோவெல்லாம் கெடந்துச்சுங்க தம்பி, எப்படியாவது எடுத்துத் தாங்க” என்கிறார். டிஸ்க்கே கையில் இல்லாமல் எதிலிருந்து எடுப்பது? போட்டோ போனது ஒருபக்கம். பழைய இரும்புக் கடைக்குப் போன டிஸ்க்கில் அவருடைய ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், கூலிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. மெஷின் உண்மையிலேயே செத்திருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றாமல் வெளியே விடாதீர்கள். மிச்சத்தையும் பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் இடத்துக்கு அது போகக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எடைக்குப் போடும் முன்னால், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள் என்பதுதான் என் பதில். ஆதரவு முடிந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அடைப்பு வராது. வீட்டு உபயோகத்துக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள், அது தற்காலிகம். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல் வேண்டும். அதாவது 2017-க்கு முன் வாங்கிய நல்ல மெஷினெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இங்கேதான் எனக்கு ஆற்றாமையாக வருவது: “பழசாயிருச்சுங்க, அதான் இழுக்குது.” படித்தவர்களும் சொல்கிறார்கள், புதுசு விற்கும் கடைக்காரரும் தலையாட்டுகிறார். காங்கேயம் காளைக்கு வயதானால் நடை தளரும். பிராசஸருக்கு அப்படி எதுவும் கிடையாது. 2014-ல் வாங்கிய ஐ3 அன்று நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனையை இன்றும் போடும். பின் ஏன் இழுக்கிறது? மேலே ஏற்றிய மென்பொருள் பெருத்துவிட்டது, அது ஒன்று. அடுத்தது சுழலும் ஹார்டு டிஸ்க். அப்டேட், வைரஸ் தேடல், ஃபைல்களைப் பட்டியலிடும் வேலை என்று பின்னால் நடப்பதெல்லாம் டிஸ்க்கைப் படிக்கும் அந்த ஒரே முள்ளைத்தான் இங்கும் அங்கும் ஓட வைக்கின்றன. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு சுழலும் பாகமே இல்லாத ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் பாதிப் புகார் அங்கேயே தீரும்.

மூன்றாவது காரணம் நம் பக்கத்தில் அதிகம்: பஞ்சு. தறிக்குடோன், பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில் ஆபீசிலிருந்து வரும் மெஷினைத் திறந்தால் பிராசஸர் சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்துக் காற்றே போகாமல் இருக்கும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். அதைப் பார்த்துவிட்டு வயசாகிவிட்டது என்கிறீர்கள். சுத்தம் செய்து புது தெர்மல் பேஸ்ட் வையுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேனைச் சுழல விடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேரிங் போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகு தேவை எடை குறைந்த, இன்னும் பாதுகாப்பு அப்டேட் வருகிற ஓர் இயங்குதளம். லினக்ஸ் அப்படிப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய வேலை. மூலநிரல் திறந்தே இருக்கிறது, யாரும் நகலெடுக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இலவசம் என்றதும் திருட்டு விண்டோஸோடு சேர்த்துப் பேசுகிறார்கள், மனசு வலிக்கிறது. டிபிஎம்மைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டு, உரிமம் வாங்கியது போலக் காட்டும் ஆக்டிவேட்டரும் ஓட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆன்டிவைரஸை அணைத்தால்தான் ஓடுவேன் என்று ஒரு புரோகிராம் சொன்னால் அதை உள்ளே விடலாமா? ஜிஎஸ்டி பாஸ்வேர்டு இருக்கும் மெஷின் அது. என் தொழில் நண்பர்களையும்தான் கேட்கிறேன், தயவுசெய்து நிறுத்துங்கள்.

லினக்ஸ் பல வடிவங்களில் கிடைக்கிறது. 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 2 ஜிபியோ அதற்கும் கீழோ என்றால் இன்னும் எடை குறைந்த ஆன்டிஎக்ஸ், ஆனால் பிரவுசரில் ஒன்றிரண்டு டேப்புக்கு மேல் திறக்க முடியாது. மிகப் பழைய 32 பிட் பிராசஸர் உள்ள மெஷினுக்கு வழி சுருங்கிக்கொண்டே வருகிறது. டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் அதற்கு இன்ஸ்டாலரே இல்லை. 2011-ல் தொடங்கித் தமிழக அரசு கொடுத்த மாணவர் லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அவற்றில் பல இன்னும் பரண் மேல் கிடக்கின்றன. இறக்கிப் பாருங்கள், தம்பி தங்கைகள் படிக்க உதவும்.

லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்யலாம். லிப்ரெஆபீஸில் கடிதமும் கணக்கும் எழுதலாம். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல் திறக்க அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்து வைத்தால் போதும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். டேலியில் கணக்கு ஓடுகிறதா? கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் கோரல்டிராவா? ஜக்கார்டு டிசைனோ பேட்டர்ன் போடும் சாஃப்ட்வேரோ டாங்கிள் என்ற உரிமச் சாவியை யுஎஸ்பியில் செருகி ஓடுகிறதா? இவை லினக்ஸில் நேரடியாக ஓடாது, அந்த மெஷினில் லினக்ஸ் போடாதீர்கள். டேலிக்கு விண்டோஸ் 11 எடுக்கும் மெஷின் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டிசைன் மெஷினை இன்டர்நெட்டிலிருந்து கழற்றி அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஓட்டுங்கள்.

போடுவதென்று முடிவானால், முதலில் பேக்கப். டி டிரைவில் நகல் எடுத்ததைப் பேக்கப் என்று என்னிடம் சொல்லாதீர்கள், அதுவும் அதே டிஸ்க்தான். வெளி டிஸ்க்கில் எடுத்து, திறந்தும் பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீயை எழுதி வையுங்கள். இயங்குதளம் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் செக்சம்மும் டிஜிட்டல் கையொப்பமும் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து திருடன் நுழையப் பின்கதவு வைத்த கோப்புக்கு இணைப்பை மாற்றிய சம்பவம் நடந்திருக்கிறது.

பென் டிரைவில் ஏற்றியதும் உடனே இன்ஸ்டால் அழுத்தாதீர்கள். பென் டிரைவிலிருந்தே அது முழுதாக ஓடும், டிஸ்க்கைத் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். பிரிண்டரை அவசியம் சோதியுங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் சரியாக இல்லை, இன்ஸ்டால் செய்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. எந்த வெப்சைட்டும் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் கத்தினால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். அது தப்பாக இருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும்.

எல்லாம் ஓடினால் போடுங்கள். சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது பதிவு செய்து வைக்கும் டைம்ஷிஃப்டை முதல் நாளே இயக்கிவிடுங்கள். அது சிஸ்டத்தைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும், உங்கள் போட்டோக்களுக்குத் தனி பேக்கப் எப்போதும் வேண்டும்.