கோது இல்லாத ரவை

படுவான்கரையில் பத்தாம் ஆண்டு படிக்கிற தம்பி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "சேர், வட்டையில் உழும்போது ஒரு பித்தளைக் கோது வந்தது. அப்பா தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோதே இல்லாமல் சுடுகிற துவக்கும் இருக்கிறதாம் என்று என் கூட்டாளி சொல்கிறான். உண்மையா? கோது இல்லாவிட்டால் மருந்து எதற்குள் இருக்கும்?" கடைசி வரியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், அப்பா சொன்னது சரி. சேறு பூசிக் கிடக்கும்போது வெறுங்கோதும் வெடிக்காத ரவையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இருபது வருடம் மண்ணுக்குள் கிடந்தாலும் மருந்து உயிரோடு இருக்கலாம். பொலிசுக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கழுவிப் பார்க்கிற ஆசை வேண்டாம்.

இனிக் கேள்வி. கூட்டாளி சொன்னதும் உண்மைதான்.

ரவை ஒன்றில் நான்கு பொருட்கள் இருக்கின்றன. முன்னால் பறந்து போகிற சன்னம், அதைத் தள்ளுகிற வெடிமருந்து, அடித்ததும் பொறி கிளப்புகிற சின்ன மூடி, இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிற பித்தளைக் கோது. மருந்து எரிந்து வாயுவாகிறது, வாயுவின் அமுக்கம் சன்னத்தைத் தள்ளுகிறது. இவ்வளவும் பாடசாலையில் படித்ததுதான். கோதை வெறும் பை என்றே நானும் கனகாலம் நினைத்திருந்தேன். மருந்தைச் சுமந்து வருகிறது, வேலை முடிந்ததும் வெளியே விழுகிறது, அவ்வளவுதான் என்று. அந்தப் பையை எடுத்துவிட்டுத் துவக்கு செய்யப் பார்த்தவர்கள் பட்ட பாட்டை வாசித்த பிறகுதான், அது எத்தனை வேலை பார்க்கிறது என்று விளங்கியது.

துவக்கின் அறைக்குள் மருந்து எரியும்போது அமுக்கம் மூவாயிரம் வளிமண்டலத்தைத் தாண்டும். அவ்வளவு அமுக்கத்தில் வாயு சும்மா இருக்காது. பின்பக்கம் தலைமயிர் அளவு இடைவெளி கிடைத்தாலும் சுடுகிறவரின் முகத்தில் பாயும். பித்தளை அதை விடுவதில்லை. எழுபது பங்கு செப்பு, முப்பது பங்கு நாகம் கலந்த அந்த உலோகம் அமுக்கத்தில் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கிறது. சன்னம் வெளியேறி அமுக்கம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிச் சுவரை விடுகிறது. அதனால்தான் கோதை இழுத்து எடுக்க முடிகிறது. ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக வெட்டினால், அதில் ஒன்றிரண்டு துண்டு நேரத்துக்குள் இந்த ஒட்டலும் விடுதலும் முடிந்துவிடும்.

அடுத்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் போகிறவர்கள் கச்சான் வறுக்கிற சட்டியைப் பார்த்திருப்பீர்கள். கறுத்துப்போன மணல், அதற்குள் கச்சான். சட்டியை இறக்கிய பிறகும் மணலின் சூடு ஆறாது. அந்த மணலுக்குள் கோதோடு ஒரு பிடி கச்சானும் கோதுடைத்த ஒரு பிடி பருப்பும் போட்டுப் பாருங்கள். பருப்பில் கறுப்புப் புள்ளி விழத் தொடங்குகிற நேரத்தில், கோதுக்குள் இருக்கிறதற்கு அப்போதுதான் சூடு எட்டியிருக்கும். மணல் ஒன்றுதான், நடுவில் ஒரு கோதுதான் வித்தியாசம்.

தொடர்ந்து சுட்ட துவக்கின் அறையும் அந்த மணல்போலத்தான். மருந்தின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சன்னத்தின் வேகமாகப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி வெப்பம். சாதாரணத் துவக்கு மருந்தின் உயிர் நைத்திரோசெலுலோசு. அது சுமார் 170 பாகை செல்சியசில் தானாகவே பற்றிக்கொள்ளும். விடாமல் சுட்ட இயந்திரத் துவக்கின் அறை அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். அந்த நேரம் உள்ளே ஒரு ரவை காத்திருந்தால், யாரும் விசையைத் தொடாமலே வெடிக்கும். கோது இருந்தால், சுவரின் சூடு முதலில் பித்தளையை ஏற்றிவிட்டுத்தான் மருந்துக்குப் போகவேண்டும். அதற்குள் அநேகமாக ரவை சுடப்பட்டுவிடும்.

இத்தோடும் முடியவில்லை. சுட்டவுடன் துள்ளி விழுகிற கோதைக் கையில் எடுத்தால் தோல் பொசுங்கும். அந்தச் சூடு எங்கே இருந்து வந்தது? துவக்குக்குள் தங்கியிருக்க வேண்டிய சூடு அது. கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் இறைப்பதுபோல, ஒவ்வொரு கோதும் உள்ளே போய் ஒரு வாளி வெப்பத்தை அள்ளிக்கொண்டு வந்து வெளியே கொட்டுகிறது. கோது இல்லாத துவக்கில் வாளி இல்லை, கிணறு நிரம்பிக்கொண்டே போகும். நிரம்பிய கிணற்றுக்குள் அடுத்த ரவையின் மருந்து கோதுடைத்த பருப்பாக நேரே சுவரில் முட்டிக்கொண்டு உட்காரும். கோது இல்லாத ரவையின் முழுச் சிக்கலும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

சரி, இவ்வளவு கெட்டிக்காரக் கோதை ஏன் எடுக்கப் பார்த்தார்கள்? பாரம்தான் காரணம். ரவையின் எடையில் பாதி அளவு கோதுக்கே போகிறது. செப்பும் விலை கூடியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது ஜேர்மனியர்கள் இந்த யோசனையைக் கையில் எடுத்தார்கள்.

யோசனை அதைவிடப் பழையது. பித்தளை வருவதற்கு முன்பு கடதாசிதான் கோது. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் பல்லால் கடித்துக் கிழிக்க மறுத்தது கொழுப்புப் பூசிய கடதாசித் தோட்டாவைத்தான் என்பது சரித்திரப் புத்தகத்தில் எல்லாரும் படித்தது. அதற்கு முன்பே, 1841இல், பிரசியா தன் படைக்கு எடுத்துக்கொண்ட டிரைசே துவக்கில் கடதாசியைக் கிழிக்கவே தேவையில்லை. நீண்ட ஊசி ஒன்று கடதாசியையும் மருந்தையும் துளைத்துக்கொண்டு போய், சன்னத்தின் அடியில் இருக்கிற பொறிமருந்தைக் குத்தும். கடதாசியும் சேர்ந்து எரியும். படுத்துக்கொண்டே மருந்து போட்டுச் சுடலாம் என்பதால் 1866இல் ஒஸ்திரியாவோடு நடந்த போரில் அது பிரசியாவுக்குப் பெரிய பலமாக இருந்தது. ஆனால் அடைப்பதற்குப் பித்தளை இல்லை. பின்பக்கத்தால் வாயு கசிந்து சிப்பாயின் முகத்தைச் சுட்டது. எரிகிற மருந்துக்கு நடுவில் நிற்கிற ஊசியும் அரித்து முறிந்தது.

கடதாசிக்கு இன்னொரு எதிரி ஈரம். எங்கள் பக்கத்தில் மந்திரத்தால் துவக்கைக் கட்டிப்போடலாம் என்று சொல்வார்கள். என் பெரியப்பா ஒருவர் மழைக்காலத்தில் சேனைக் காவலுக்குப் போனவர். பரணில் இருந்து விசையை அழுத்தினாராம், சத்தம் வரவில்லை, பன்றி நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். யாரோ கட்டிவிட்டார்கள் என்று சாகும்வரை நம்பினார். அந்தக் காலத்து வேட்டைத் தோட்டாவின் உடம்பு தடித்த கடதாசி. அவர் அதை மடியில் முடிந்துகொண்டு இரண்டு இரவு தூறலில் இருந்திருக்கிறார். பெரியப்பாவின் மீது எனக்குக் குறை இல்லை, அன்பான மனிதர். ஆனால் மந்திரம் என்று சொன்ன இடத்தில் அவருடைய கேள்வி நின்றுவிட்டது. ஈரம் என்று நினைத்திருந்தால் அடுத்த நாள் தோட்டாவை மெழுகுச்சீலையில் சுற்றியிருப்பார். பயிர் தப்பியிருக்கும்.

அதே ஈரம் அமெரிக்க இராணுவத்தையும் விடவில்லை. 1969இல் வியட்நாமுக்குக் கொண்டுபோன ஷெரிடன் டாங்கியின் 152 மில்லிமீற்றர் குண்டுக்கு எரிந்துபோகிற கோது. மழைநாட்டு ஈரத்தை உறிஞ்சிக் கோது ஊதியது. அதைவிடப் பயங்கரம், சில நேரம் முழுதாக எரியாத துண்டு உள்ளே கனன்றுகொண்டு கிடக்கும். அந்த நிலையில் அடுத்த குண்டை ஏற்றினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சுட்ட பிறகு காற்றை ஊதித் துப்புரவாக்குகிற ஏற்பாட்டைப் பிறகு பூட்டினார்கள். டாங்கிகளில் இந்த வித்தை பின்னால் நன்றாகவே நிலைத்தது. ஜேர்மனியின் 120 மில்லிமீற்றர் பீரங்கியில் கோதின் உடம்பு முழுக்க எரிந்துபோகும், அடியில் உள்ள குட்டையான உலோகக் கிண்ணம் மட்டும் மிஞ்சும். வாயுவை அடைக்கிற வேலையை அந்தக் கிண்ணம் பார்க்கிறது. டாங்கி நிமிடத்துக்குச் சில குண்டுகள்தான் சுடும் என்பதால் சூடு ஆற நேரமும் கிடைக்கிறது.

கைத்துவக்குக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கேதான் ஜேர்மனியின் ஜி11 என்ற கோதில்லாத துவக்கு வருகிறது. ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் துவக்கையும் டைனமிட் நோபல் நிறுவனம் ரவையையும் செய்தன. 1960களின் இறுதியில் தொடங்கிய வேலை 1990 வரை இழுத்தது. முதலில் நைத்திரோசெலுலோசைக் கட்டியாக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே சூடான அறையில் தானாக வெடித்தது. ஆகவே துவக்கை விட்டுவிட்டு மருந்தையே மாற்றினார்கள். சூட்டுக்கு இலேசில் அசையாத வேறொரு வெடிபொருளை, பிடித்துக்கொள்கிற பசையோடு சேர்த்து அழுத்தினார்கள். தானாகப் பற்றுகிற வெப்பநிலை ஏறத்தாழ நூறு பாகை மேலே போனது. கிணற்றை இறைக்க வாளி இல்லை என்றால், சுற்றுச்சுவரை உயர்த்திக் கட்டுவதுதான் வழி.

அந்த ரவையைப் பார்த்தால் ரவை என்றே சொல்லமாட்டீர்கள். மரநிறத்தில் சின்னச் சதுரக் கட்டை, நீளம் மூன்று சென்ரிமீற்றர் சொச்சம். 4.73 மில்லிமீற்றர் சன்னம் அதற்குள் முழுதாகப் புதைந்திருக்கும். மொத்த எடை 5.2 கிராம். நேட்டோ நாடுகளின் சாதாரண 5.56 ரவை 12 கிராம் அளவில் இருக்கும்.

சூட்டுக்கு அசையாத மருந்து பொறிக்கும் இலேசில் அசையாதே, எப்படிப் பற்றவைப்பது? இரண்டு படியாகச் செய்தார்கள். பொறிமருந்து முதலில் ஒரு சின்ன உதவி மருந்தைக் கொளுத்தும். அது சன்னத்தைக் கட்டைக்குள் இருந்து உருவி, குழலின் வாயில் கொண்டுபோய்ச் செருகும். குழலின் முன்வழி அடைபட்டுவிடும். பெரிய கட்டை உடைந்து எரிவது அதற்குப் பிறகுதான், முன்பக்கம் ஏற்கனவே மூடிய அறைக்குள். அடுப்பு ஊதுகிறவர்கள் முதலில் தும்பைப் பற்றவைத்து, பிறகு விறகைத் தள்ளுவார்களே, அந்த ஒழுங்குதான். இங்கே அது கண்ணிமைப்பதற்குள் பல தடவை நடந்து முடியும்.

வெளியே தள்ள எதுவும் இல்லாததால் துவக்கு வேகமாகச் சுற்ற முடிந்தது. ரவை தலைகீழாக இறங்கும், உருளை ஒன்று அதைத் தொண்ணூறு பாகை திருப்பிக் குழலுக்கு நேரே கொண்டுவரும். நிமிடத்துக்கு இரண்டாயிரம் என்ற கதியில் மூன்று சன்னங்கள் போன பிறகுதான் பின்னுதைப்புத் தோளுக்கு வந்து சேரும்.

சூட்டோடு மினக்கெடுகிறவர்கள் வேறு வழியும் தேடினார்கள். 1968இல் டெய்சி என்ற அமெரிக்க நிறுவனம் பொறிமருந்தே இல்லாத ஒரு சிறு துவக்கை விற்றது. உள்ளே காற்றைத் திடீரென்று அழுத்தினால் காற்று கொதிக்கும், அந்தச் சூட்டில் சன்னத்தின் பின்னால் ஒட்டியிருக்கிற மருந்து பற்றும். வயலில் ஓடுகிற லேண்ட்மாஸ்டரின் டீசல் பற்றுவதும் இதே விதத்தில்தான். 1991இல் ஒஸ்திரியாவின் வோரே நிறுவனம் மின்சாரத்தால் பற்றுகிற வேட்டைத் துவக்கைக் கொண்டுவந்தது. இரண்டும் பெரிதாகப் பரவவில்லை.

ஜி11 சுமார் ஆயிரம் செய்யப்பட்டது. அதற்குள் பெர்லின் சுவர் விழுந்து இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றாயின. பணம் அங்கே தேவைப்பட்டது, எதிரியும் இல்லாமல் போனான். திட்டம் நின்றது. அமெரிக்கர்கள் 2004இல் தொடங்கிய திட்டம் ஒன்றில் கோதில்லாத ரவையையும் பிளாஸ்டிக் கோது ரவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் முந்திக்கொண்டது. கோதுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒரு கோதை இல்லாமல் செய்வதற்கு இருபது வருடத்துக்கு மேல் விடாமல் காசு கொடுத்தார்கள். அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகளின் பின்னால் மலையாகக் கிடக்கிற உமியும் ஒரு கோதுதான். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. எரித்தால் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, சீமெந்துக்கும் வெப்பம் தடுக்கிற கல்லுக்கும் உதவுகிற பொருள். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ இருக்கிற பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வுகூடத்துக்கு இருபது வருடம் வேண்டாம், பத்து வருடம் இடைவிடாமல் பணம் கொடுத்தால் எங்கள் பிள்ளைகள் அதை வைத்து எவ்வளவோ செய்வார்கள். ஒரு வருடத்துக்குக் கொடுத்து மறுவருடம் நிறுத்துகிற பணத்தில் எந்தப் பொருளின் குணமும் பிடிபடாது.

இனிக் கடைசி வரி. "சேர், கோது விழாவிட்டால் எந்தத் துவக்கால் சுட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பித்தளை மென்மையானது, பட்டதெல்லாம் அதில் பதியும். ஊசி குத்திய குழி, பின்சுவர் அழுத்திய கோடுகள், இழுத்து எடுத்த கொக்கியின் கீறல் எல்லாம் அடியில் இருக்கும். இரண்டு கோதுகளை ஒப்பீட்டு நுணுக்குக்காட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோட்டுக்குக் கோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். கோது இல்லாத துவக்கில் சன்னத்தின் பக்கவாட்டில் குழல் போட்ட கீறல் மட்டும்தான் மிஞ்சும், அதுவும் சன்னம் எலும்பிலோ கல்லிலோ பட்டு நசுங்காமல் கிடைத்தால். சுட்டவர் நின்ற இடத்தில் எதுவும் கிடக்காது. தம்பியின் வட்டையில் கிடந்தது பித்தளை. எத்தனை வருடம் மண்ணுக்குள் கிடந்ததோ, சுட்ட கோதாக இருந்தால் அதன் அடியில் அந்தக் குழி இன்னும் இருக்கும்.