கொதிப்புக்குக் கடிவாளம்

மிகையாகக் காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தால், துளிகள் உடனே வற்றாமல் முத்துகளாக உருண்டோடுவதைத் திருநெல்வேலிச் சீமையின் எந்த அடுக்களையிலும் காணலாம். கல் அளவாகக் காய்ந்திருக்கும்போது நொடியில் வற்றிவிடும் அதே நீர், சூடு கூடிய பின் தாமதமாக வற்றுவதற்குக் காரணம், துளிக்கும் இரும்புக்கும் இடையே உருவாகும் நீராவிப் படலம் வெப்பத்தைத் தடுத்துவிடுவதுதான். ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் இதனை விரிவாக எழுதிவைத்தார்.

நீரில் மூழ்கிய உலோகப் பரப்பிலும் இதுவே நிகழ்கிறது. சாதாரண வளி அழுத்தத்தில், பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 130 டிகிரி வரை உயர உயர, குமிழிகள் பெருகி நீரைக் கலக்குவதால், நீர் வாங்கிக்கொள்ளும் வெப்பமும் கிடுகிடுவென ஏறி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 லட்சம் வாட் என்ற உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் சூடேறினால் ஆவி பரப்பை ஆங்காங்கே மூடத் தொடங்குகிறது. நீர் வாங்கும் வெப்பம் குறைகிறது. ஆபத்து இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. மாறாத மின்திறனால் சூடேற்றப்படும் கம்பி இங்கே சற்றே கூடுதலாகச் சூடானாலும், நீர் முன்னைவிடக் குறைவான வெப்பத்தையே எடுக்கும். எஞ்சிய வெப்பம் கம்பியை மேலும் சூடாக்கும். 1934-இல் ஜப்பானியப் பொறியாளர் ஷிரோ நுகியாமா மெல்லிய கம்பிகளைக் கொண்டு சோதித்தபோது, உச்சத்தைத் தாண்டியதும் வெப்பநிலை ஒரே தாவலில் பல நூறு டிகிரி எகிறியது. நிக்கல்-குரோமியக் கலவையான நைக்ரோம் கம்பி எரிந்து அறுந்தது, உருகுநிலை உயர்ந்த பிளாட்டினம் தப்பியது.

இயற்கை நிற்கவிடாத அந்த இறக்கத்திலேயே கம்பியை நிறுத்திவைக்க, விளைவை அளந்து அதற்கேற்ப உடனுக்குடன் திருத்தும் பின்னூட்டக் கட்டுப்பாட்டால் முடியும். பிளாட்டினத்தின் மின்தடை சூட்டோடு சேர்ந்து உயர்வதால், கம்பியே தன் வெப்பமானியாகவும் ஆகிவிடுகிறது. மின்தடை குறித்த அளவைத் தாண்டினால் மின்திறனைக் குறைப்பதும், தாழ்ந்தால் கூட்டுவதும் கருவியின் வேலை. நிபந்தனை எளிமையானது: ஒரு டிகிரி ஏற்றத்துக்கு நீர் வாங்கும் வெப்பம் எவ்வளவு குறைகிறதோ, அதைவிடக் கூடுதலாக மின்திறன் குறைக்கப்பட வேண்டும். இந்த எளிமையை நான் பெரிதும் வியக்கிறேன். நீரின் இயல்பு எதுவும் மாறவில்லை, நிலையின்மை மட்டும் நீங்கிவிடுகிறது.

ஆனால் காலம் தாழ்த்தக் கூடாது. உடன்குடிப் பக்கம் கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சுபவர், நுரை எழும்போதே அடுப்பிலிருந்து ஓலையை இழுத்துவிடுவார். விளிம்பை எட்டும்வரை காத்திருந்தால், தீ தணிந்த பிறகும் பாத்திரத்தில் தங்கிய சூடே பதநீரைப் பொங்க வைத்துவிடும். கருவிக்கும் அதே நெருக்கடிதான். வெப்பநிலையை அளந்து திறனை மாற்றுவதற்குள் கம்பி வெகுதூரம் நகர்ந்துவிட்டால், திருத்தம் தவறான நேரத்தில் வந்து சேர்ந்து, அலைவை அடக்குவதற்கு மாறாக வளர்த்துவிடும். மெல்லிய கம்பி விரைவில் சூடேறும் என்பதால், அதற்குரிய மின்சுற்று அதைவிட விரைந்து இயங்க வேண்டும்.

அகலமான தகட்டில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒரு பாதியில் குமிழிகளும் மறு பாதியில் ஆவிப்படலமும் இருக்க, சராசரி வெப்பநிலை மட்டும் சரியாகவே தெரியலாம். சராசரியை மட்டும் பார்க்கும் கருவிக்கு அந்தப் பிளவு புலப்படாது. எனவே பல இடங்களில் உணரிகளும், தனித்தனியே இயக்கத்தக்க சூடேற்றிகளும் தேவைப்படுகின்றன.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் 1000 மெகாவாட் உலைகளில் இத்தகைய துணிச்சலுக்கு இடமில்லை. அங்கே நீர் ஏறத்தாழ 160 வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதால் 300 டிகிரியைத் தாண்டியும் மொத்தமாகக் கொதிப்பதில்லை; எரிபொருள் தண்டுகளை ஆவிப்படலம் போர்த்தக்கூடிய வரம்புக்குக் கீழே, போதிய இடைவெளி விட்டே உலை இயக்கப்படுகிறது.