பந்தின் மேல் இல்லாத அம்பு: இயக்க விதிகளைக் கற்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை

நியூட்டனின் மூன்று விதிகளையும் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பத்தாம் வகுப்பு மாணவரிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுங்கள். மேலே எறிந்த பந்து கையை விட்டுவிட்டது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றுத்தடை இல்லையென்றால் அதன் மீது செயல்படும் விசைகள் எவை, அம்பு போட்டுக் காட்டு என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு அம்புகள் வரும். கீழ்நோக்கிப் புவியீர்ப்பு, மேல்நோக்கிக் 'கையின் விசை'. கைதான் விட்டுவிட்டதே, தொடாத கை எப்படித் தள்ளும்? அந்த இரண்டாவது அம்பு மனத்தில் இருக்கும்வரை எத்தனை கணக்கு போட்டாலும் பாடம் உள்ளே இறங்காது. எனவே விதியைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே இந்தப் படத்தை வரையச் சொல்லுங்கள்.

நம் பேச்சுவழக்கும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். 'விசையா நட' என்றால் வேகமாக நட என்று பொருள். ஏறும் பந்துக்கு வேகம் இருப்பதால் 'விசை இருக்கிறது' என்று மாணவர் எழுதிவிடுகிறார். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்னும் மூன்றாம் விதிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்ற பதிலும் வரும். பழமொழியில் விதைப்பது முதலில், அறுப்பது பிறகு. இயற்பியலில் வினையும் எதிர்வினையும் ஒரே கணத்தில் தோன்றி ஒரே கணத்தில் மறைபவை. இந்தச் சொற்களை எடுத்த எடுப்பிலேயே பிரித்துக் காட்டிவிட வேண்டும்.

வெளிவிசை இல்லாவிட்டால் ஓடும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும் என்னும் முதல் விதிக்கு கேரம் பலகை போதும். பவுடர் போடாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை, ஏறக்குறைய ஒரே வேகத்தில் காயைச் சுண்டுங்கள். பிறகு, "உராய்வே இல்லாவிட்டால் எங்கே நிற்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

விசை = நிறை × முடுக்கம் என்னும் இரண்டாம் விதிக்கான சோதனைதான் அதிகம் சொதப்புகிறது. 500 கிராம் வண்டி, மேசை விளிம்பில் கப்பி, நூலில் தொங்கும் 50 கிராம் எடை. இழுக்கும் விசை 0.49 நியூட்டன். இதை 0.5 கிலோவால் வகுத்து 0.98 என்று எழுதுவது வழக்கமான பிழை. தொங்கும் எடையும் சேர்ந்தே முடுக்கமடைவதால் 0.55 கிலோவால் வகுக்க வேண்டும், விடை 0.89 மீ/வி². விசையை இரட்டிப்பாக்க வெளியிலிருந்து இன்னொரு 50 கிராம் சேர்த்தால் மொத்த நிறையும் கூடி, 1.78-க்குப் பதிலாக 1.63 தான் கிடைக்கும். அதனால் 50 கிராம் எடைக்கல் ஒன்றை முதலிலேயே வண்டியில் ஏற்றி, வண்டியின் மொத்தத்தை 500 கிராமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தக் கல்லை எடுத்து நூலில் மாட்டுங்கள்.

உராய்வையும் முன்கூட்டியே ஈடுகட்ட வேண்டும். நூலை மாட்டாமல், கப்பிக்கு எதிர்ப்பக்க மேசைக்கால்களின் அடியில் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வையுங்கள். லேசாகத் தள்ளிவிட்ட வண்டி வேகம் கூடாமலும் குறையாமலும் ஓடினால் சரிவு போதும். ஓடுதூரம் 60 செ.மீ. இருக்கட்டும், அதற்கு மேல் போனால் எடை தரையில் மோதிவிடும். முதல் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 1.16 நொடி, அடுத்ததற்கு 0.82 நொடி ஆகும். விசை இரட்டித்தால் நேரம் பாதியாகும் என்று எதிர்பார்க்கும் வகுப்பு இங்கே விழித்துக்கொள்ளும். இரட்டித்தது முடுக்கம், நேரம் இரண்டின் வர்க்கமூலத்தால்தான் குறையும். நிறுத்துகடிகாரத்தில் கை தாமதமே முடிவைக் கெடுத்துவிடும். கைபேசியில் வீடியோ எடுத்துச் சட்டங்களை (ஃபிரேம்களை) எண்ணுங்கள். நொடிக்கு 30 சட்டம் பதிவானால் ஒன்று 0.033 நொடி.

மூன்றாம் விதிக்கு இரண்டு சுருள்வில் தராசுகளைக் கொக்கியோடு கொக்கி மாட்டி, ஒருவர் இழுக்க மற்றவர் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கட்டும். இரண்டிலும் ஒரே அளவு காட்டும். தராசைப் படுக்கவைத்தால் கொக்கியின் எடை முள்ளை இழுக்காது என்பதால் சுழி நகர்ந்திருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மேசை மேல் புத்தகம் என்ற எடுத்துக்காட்டில் ஆசிரியர்களும் தடுக்கி விழுவதுண்டு. புத்தகத்தின் எடையும் மேசை அதை மேல்நோக்கித் தள்ளும் செங்குத்து விசையும் வினை-எதிர்வினை இணை அல்ல. இரண்டும் புத்தகத்தின் மீதே செயல்படுகின்றன. பெயர்களை இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: பூமி புத்தகத்தை இழுக்கிறது, புத்தகம் பூமியை இழுக்கிறது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது, புத்தகம் மேசையைத் தள்ளுகிறது. இப்படி மாறி வந்தால்தான் இணை.

இதை மெய்ப்பிக்க ஒரு லிஃப்ட்டும் முள் வைத்த எடை பார்க்கும் கருவியும் வேண்டும். டிஜிட்டல் கருவி வேண்டாம். பல கருவிகள் ஓர் எண்ணில் நின்றுவிடும். 50 கிலோ மாணவர் ஏறி நிற்க, லிஃப்ட் 1 மீ/வி² முடுக்கத்தில் மேலே கிளம்பினால் முள் ஏறக்குறைய 55-ஐத் தொடும். புவியீர்ப்பு மாறவில்லை, கருவி தள்ளும் விசை மட்டும் கூடியிருக்கிறது. இணையாக இருந்திருந்தால் இரண்டும் எப்போதும் சமமாகவே இருந்திருக்கும். லிஃப்ட் சீரான வேகத்தில் ஏறும்போது முள் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். மேலே போவதால் 50-க்கு மேல் என்று பலர் எழுதுவார்கள். பந்தில் பார்த்த அதே மேல் அம்புதான். முள் 50-க்குத் திரும்பியதும், முதல் நாள் வரைந்த தாளை அவர்கள் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.