தண்டனை முடிந்தவருக்கு மறுபடி துப்பாக்கி லைசன்ஸ் கிடைக்குமா?

“அஞ்சு வருஷம் முடிஞ்சுதுன்னா லைசன்ஸ் கொடுத்தே ஆகணும்” என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதி உண்மைதான்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9-வது பிரிவில் இந்த ஐந்து வருடக் கணக்கு இருக்கிறது. வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு (திருட்டு, மோசடி போன்றவை) சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து ஐந்து வருடம் வரை துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. ஒரு மாதச் சிறை என்றாலும் தடை உண்டு. தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ணிவிடாதீர்கள். தண்டனை 2021 மார்ச்சில் முடிந்தது என்றால், தடை 2026 மார்ச் வரை.

அபராதம் மட்டும் கட்டியவர்கள் இந்தத் தடையில் வரமாட்டார்கள். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் நீதிமன்றம் விடுவித்திருந்தால், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12-வது பிரிவைக் காட்டலாம். தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு அவருக்குக் கிடையாது என்கிறது அது. பலருக்குத் தெரியாத சலுகை இது. ஊரில் “107 போட்டுட்டாங்க” என்பார்களே, அப்படி அமைதி காக்கவோ நன்னடத்தைக்கோ பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க உத்தரவானவருக்குப் பத்திரக் காலம் முழுக்கத் தடை. (107 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு; புதிய சட்டத்தில் அது இப்போது 126.)

சரி, ஐந்து வருடம் முடிந்துவிட்டது. தடை நீங்கும்; லைசன்ஸ் தானாக வராது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய வழக்கை அதில் மறைக்காதீர்கள், போலீஸ் அறிக்கையில் எப்படியும் வெளியே வந்துவிடும். பொது அமைதிக்குக் கேடு, அல்லது இவர் தகுதியற்றவர் என்று கருதினால் ஆயுதச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி அதிகாரி மறுக்கலாம். ஆனால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால், பொதுநலன் கருதித் தவிர்த்தால் ஒழிய, சுருக்கமாகத் தரவும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். அரசே பிறப்பித்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது, நீதிமன்றம்தான் வழி.

ஆயுதச் சட்டக் குற்றத்துக்காக நீதிமன்றமே லைசன்ஸை ரத்து செய்திருந்தால் கதை வேறு. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானால் லைசன்ஸ் ரத்தும் செல்லாது.

வழக்கு நிலுவையில் மட்டும் இருப்பவரை 9-வது பிரிவு தொடாது. அதைக் காட்டி மட்டுமே லைசன்ஸைப் பறிக்க முடியாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவருக்கு ஒன்று. லைசன்ஸ் போன பிறகு அது பரணில் கிடக்கக் கூடாது. தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ, லைசன்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கி என்றாலும் இதேதான்.