பழைய வலையும் ஒன்றரை நிமிட வேதியியலும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சலிலும் முட்டத்திலும் கரையேறும் கிழிந்த வலைகளில் பெரும்பாலும் இரண்டு பிளாஸ்டிக்குகள்தான்: செவுள் வலை என்றால் நைலான், இழுவலை என்றால் பாலிஎத்திலீன். இரண்டையும் சேர்த்து உருக்கி வார்த்துப் பாருங்கள். நகத்தால் கீறினாலே ஏடு ஏடாக உரிந்து வரும். ஒன்று தண்ணீரை இழுக்கும், மற்றது எண்ணெயின் உறவு.

ஒட்ட வைக்க பாலிஎத்திலீன் சங்கிலியில் ஒரு கொக்கி வேண்டும். அதுதான் மலேயிக் அன்ஹைட்ரைடு. நைலான் சங்கிலியின் முனையிலுள்ள அமீன் என்ற நைட்ரஜன் தொகுதியை அது பற்றிக்கொள்ளும். கொக்கி மாட்டும் வேலை இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடருக்குள்ளேயே (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து தள்ளும் இயந்திரம்) நடந்துவிடும், தனிக் கலன் தேவையில்லை.

100 கிலோ பாலிஎத்திலீனுக்கு 1 முதல் 2 கிலோ அன்ஹைட்ரைடு, வினையைத் தொடங்கிவைக்க 50 முதல் 100 கிராம் டைகுமைல் பெராக்சைடு. எக்ஸ்ட்ரூடரின் முதல் பகுதியில் 150 டிகிரி, அப்புறம் 180 முதல் 190. பெராக்சைடு உடைந்து சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். காலியான இடத்தில் அன்ஹைட்ரைடு அமரும். 175 டிகிரியை ஒட்டி ஒரு நிமிடத்தில் பாதி பெராக்சைடு தீர்ந்துவிடும் என்பதால் ஒன்றரை நிமிடம் உள்ளே இருந்தால் போதும்.

அன்ஹைட்ரைடு 53 டிகிரியிலேயே உருகும். பொருளைக் கொட்டும் ஹாப்பரின் கழுத்தைத் தண்ணீரால் குளிர்விக்காவிட்டால் அங்கேயே பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். பெராக்சைடு கூடினால் பாலிஎத்திலீன் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி, மோட்டார் திணறும். எக்ஸ்ட்ரூடரின் வாயிலுள்ள டையிலிருந்து வரும் பிளாஸ்டிக் கம்பி மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாக இருக்கும். பாலிபுரொப்பிலீனில் இதற்கு நேரெதிர்: சங்கிலி அறுந்து குழம்பு நீர்த்துவிடும்.

டைக்கு முன்னுள்ள, ஆவியை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடத் துளையை ஒருபோதும் மூடிவைக்கக் கூடாது. மீந்த அன்ஹைட்ரைடு தங்கினால், நைலானோடு கலக்கும் அடுத்த கட்டத்தில் அதுவே நைலானின் முனைகளைப் பிடித்துவிடும், கொக்கிக்கு இடமிருக்காது. ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், வெளியேற்றும் குழாய் கட்டாயம்.

கலக்கும் முன் வலையிலிருந்து ஈயக்குண்டையும் மிதப்பையும் வெட்டி எடுத்து, உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது; வெளியே காய்ந்த நைலானை நம்ப முடியாது. 80 டிகிரியில் ஓர் இரவு உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் கம்பியில் குமிழி வரும், நைலான் சங்கிலி அறும், அன்ஹைட்ரைடு அமிலமாக மாறும்.

பிறகு கொக்கி மாட்டிய பாலிஎத்திலீனை 5 சதவீதம் சேர்த்து, எல்லாவற்றையும் 230 முதல் 240 டிகிரியில் கலக்கலாம். வந்த பட்டையை மடக்கி ஒடித்து உடைந்த முகத்தைப் பாருங்கள். ஏடு தெரிந்தால் முதலில் உலர்த்தலையும் வெற்றிடத் துளையையும் சோதியுங்கள், பெராக்சைடைக் கூட்டாதீர்கள்.